அப்பாவின் குரலைக் கேட்கவிடாத கம்ப்யூட்டர்

அன்புள்ள குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று தொடங்கினால் நீ நம்பமாட்டாய், அதனால் உள்ளதைச் சொல்கிறேன்: அப்பாவின் தொண்டையையும் என் முழங்காலையும் கழித்துவிட்டால் இந்த வீட்டில் மீதி எல்லாம் சௌக்கியம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று எழுது, பொய் கலக்காமல் எழுது. போனில் பேசாமல் ஏன் எழுத உட்கார்ந்திருக்கிறாள் என்று பயந்துவிடாதே. போனை எடுத்தால் போதும், உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், மனுஷரை எதிரில் வைத்துக்கொண்டு அவரைப் பற்றியே எப்படிப் புறம் பேசுவது. இப்போது மாத்திரை போட்டுக்கொண்டு தூங்குகிறார், அந்த நேரத்தில் கீழே நம் டிரைவிங் ஸ்கூல் ஆபீஸில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா குரலைப் பதிவு செய்து அனுப்பச் சொன்னேனே, ஏன் இன்னும் வரவில்லை என்று மூன்று தடவை கேட்டுவிட்டாய். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன், குரல்பெட்டியை எடுத்துவிடுவார்கள், நீ லீவு கிடைத்து வந்து இறங்கும்போது எல்லாம் முடிந்திருக்கும் என்பது எனக்குத் தெரியாதா. அதற்குள் அந்த ஆஸ்பத்திரிப் பெண், பேச்சுப் பயிற்சி கொடுக்கிறாளே அவள், தந்த வாக்கியங்களை எல்லாம் அப்பா வாசித்து, நான் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டு, இருமலும் தெருச் சத்தமும் இல்லாததாகப் பொறுக்கி அனுப்பினால்தான், பின்னால் அவர் போனில் எழுதுவதை அவர் குரலிலேயே அது பேசுமாம். இல்லாவிட்டால் யாரோ ஒருவன் குரலில் பேசும். முப்பது வருஷம் ஒரு குரலோடு சண்டை போட்டுப் பழகிவிட்டு இனிமேல் முன்பின் தெரியாதவனிடம் நான் எப்படிச் சண்டை போடுவேன், சொல்லு. கேட்க வேடிக்கையாக இருக்கும், எனக்கு இல்லை.

ஆபீஸின் பின்னறையில் கயிறு கட்டிப் போர்வைகளைத் தொங்கவிட்டு, எதிரொலி வராமல் இருக்க உன் பழைய மெத்தையையும் சுவரில் சாய்த்து ஒரு ஸ்டூடியோ ஏற்பாடு செய்தோம். முதல் பாதியை நன்றாகவே வாசித்தார், குரலும் அப்போது அவ்வளவு கம்மவில்லை. அதற்குப் பிறகு உன் அத்தை தினமும் போன் செய்து என் தம்பிக்கா இப்படி என்று அழ ஆரம்பித்தாள், அவளைச் சமாதானப்படுத்தியே இவர் குரலில் பாதி போய்விட்டது. நீ பேசாம இரு அக்கா, எனக்கு ஒண்ணும் இல்லன்னு இவர் கத்துகிறார், தொண்டை சரியில்லாத ஆள். அதை விடு, அவளைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுத விஷயம் இருக்கிறது. வாசித்தது வரை போட்டுக் கேட்கலாம் என்று ஒருநாள் நான் உட்கார்ந்தேன் பார், அங்கேதான் பிடித்தது சனி. லேப்டாப்பில் ஃபைல் திறக்கிறது, திரையில் அப்பாவின் குரல் மலை மலையாகக் கோடு கோடாகத் தெரிகிறது, பிளே பொத்தானை அழுத்தினால் வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, அப்படியே விறைத்துப் போகிறது. மேலே பதிலளிக்கவில்லை என்று எழுத்து வேறு. கல்யாணம் ஆன நாளிலிருந்து பதிலளிக்காத ஒருவரோடு குடித்தனம் செய்கிறவளுக்கு இது புதிதில்லை, ஆனால் அவரைத் தோளில் ஒரு இடி இடித்தால் ஏதாவது சொல்வார், இதை இடித்தும் பார்த்தேன், சொல்லவில்லை.

நம் தெருமுனைக் கம்ப்யூட்டர்க்காரனைக் கூப்பிட்டேன், எதற்கெடுத்தாலும் ரீஸ்டார்ட் பண்ணீங்களா மேடம் என்பானே, அதனால் தெருவே அவனை ரீஸ்டார்ட் என்றுதான் கூப்பிடுகிறது, அவனும் கோபித்துக்கொள்வதில்லை. வந்தான், ரீஸ்டார்ட் செய்தான், மென்பொருளை நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டான், ஏதோ டிரைவர் பழசு என்றான், இங்கே எல்லா டிரைவரும் பழசுதான் தம்பி என்று உன் அப்பா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். வேறு எதிலாவது போட்டுப் பாரேன் என்றால், இதில் பதிந்தது இதில்தான் திறக்குமாம். கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு, ஃபைலே கெட்டுப் போயிருக்கலாம் மேடம், சார மறுபடி ஒருக்கா வாசிக்கச் சொல்லுங்க என்றான். மறுபடி எந்தக் குரலில் வாசிப்பார், அந்தக் குரல் எங்கே இருக்கிறது. அவன் போன பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன், வெளியே வந்தால் தண்ணிய ஏன் வீணாக்கறேன்னு அவரிடம் திட்டு.

இனிமேல் சொல்வதை உட்கார்ந்துகொண்டு படி. நம்மிடம் கார் ஓட்டப் பழக ஒரு பேங்க் அம்மா வருகிறாள், நாய் குறுக்கே வராவிட்டாலும் வந்துவிடுமோ என்று பிரேக் அடிப்பாள், அதனால் பிரேக்கம்மா என்று நான்தான் பேர் வைத்தேன். வகுப்பு எடுப்பது இப்போது அப்பாவின் பழைய சிஷ்யன், அவன் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தான். நான் இங்கே ஜன்னலோரம் வழக்கம்போல் பிளேயை அழுத்தி, வட்டம் சுற்றுவதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன், வாசலில் பிரேக்கம்மா காரில் ஏறிச் சாவியைத் திருகினாள். அவ்வளவுதான், அலறிக்கொண்டு உள்ளே ஓடி வந்தாள். மேடம், சார் வண்டிக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்காரு, மூச்சு விட முடியலையாம், நர்ஸக் கூப்பிடச் சொல்றாரு, டிக்கியத் திறங்க என்று என் கையைப் பிடித்து இழுக்கிறாள். அதே நேரம் உன் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னறையிலிருந்து வந்து யாரும்மா அது, என்னாச்சு என்று கேட்டார். அவரைப் பார்த்ததும் அவள் போட்ட சத்தத்தில் சிஷ்யன் கையில் இருந்த டீ சட்டையில். வெளியே ஓடிப்போய்ப் பார்த்தேன். கார் ஸ்பீக்கரில் அப்பா, தெளிவாக, நிதானமாக, எனக்கு வலது பக்கம் வலிக்கிறது, தயவுசெய்து ஜன்னலை மூடுங்கள் என்று ஆஸ்பத்திரிப் பெண் தந்த வாக்கியங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஃபைல் கெடவில்லை குட்டி. நான் நடுத்தெருவில் நின்று சிரித்தேனா அழுதேனா என்று சிஷ்யனைத்தான் கேட்க வேண்டும்.

விஷயம் இதுதான். சத்தம் எதில் வரவேண்டும் என்று அந்த மென்பொருளில் ஒரு இடம் இருக்கிறது, அதில் நம் காரின் ஸ்பீக்கர் இருந்தது, ப்ளூடூத்தில் இணைத்திருக்கிறது. கார் அணைந்திருந்தாலோ, பாடம் எடுக்க வெளியே போயிருந்தாலோ இது அதைத் தேடித் தேடி விறைத்துப் போயிருக்கிறது. ரீஸ்டார்ட் ஓடி வந்து, கம்ப்யூட்டரின் சொந்த ஸ்பீக்கருக்கு மாற்றிவிட்டு, எதுக்கும் ஒருக்கா ரீஸ்டார்ட் பண்ணிடுங்க மேடம் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். காரோடு இணைத்தது யார் என்று கேட்டேன், உன் அப்பா கூரையைப் பார்த்தார். பேய் வந்தா இணைச்சுது என்று விடாமல் பிடித்தேன். அப்புறம் மெதுவாகச் சொன்னார், நான் மேலே சமையலறையில் இருக்கும்போது லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். ரூமுக்குள்ள கேட்டா எவனோ பேசற மாதிரி இருக்கு, வண்டிக்குள்ள கேட்டாத்தான் நான் பேசற மாதிரி இருக்கு என்றார். நான் போய்க் கார் சாவியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அதனால் மீதி வாக்கியங்களைக் காரிலேயே வாசித்தார், போர்வை மெத்தை எல்லாம் வீண். சிஷ்யனுக்கும் பிரேக்கம்மாவுக்கும் லீவு கொடுத்துவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, நான் ஸ்டியரிங்கில் லேப்டாப்பைச் சாய்த்துப் பிடித்தபடி ஓட்டுநர் சீட்டில், அவர் பக்கத்தில், வாத்தியார் சீட்டில். குரல் கம்மித்தான் வருகிறது, ஆனால் அவருடையது, இது போதும் என்று ஆஸ்பத்திரிப் பெண்ணும் சொல்லிவிட்டாள். ஒவ்வொரு வாக்கியம் முடியும்போதும் அவர் கால் தன்பாட்டுக்குத் தன் பக்கத்துப் பிரேக்கை மிதிக்கிறது, அந்த டக் சத்தம் பதிவில் விழுந்துவிடப் போகிறதே என்று நான் அவர் முழங்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கடைசிப் பக்கத்தில் வாக்கியங்கள் இல்லை, சொந்தமாக ஐந்து சொல்லுங்கள் என்று மட்டும் இருந்தது. நீ இறங்கு என்றார். ஏன், நான் கேக்கக் கூடாதா என்றேன். நீ பக்கத்துல இருந்தா உன் பேச்சுத்தான் பதிவாகும் என்றார், அதில் நியாயம் இருந்தது, இறங்கிவிட்டேன். வெளியே நின்று கண்ணாடி வழியே பார்த்தேன். உதடு அசைகிறது, எனக்கு ஒரு சத்தமும் இல்லை. செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்துக்கொண்டு பானெட்டில் சாய்ந்து நின்றேன். ஐந்து வாக்கியத்தோடு நிறுத்தவில்லை, என்னமோ பேசிக்கொண்டே இருந்தார், வீட்டில் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. முடித்ததும் என்னைக் கூப்பிடவில்லை, கையை நீட்டி ஹார்னை இரண்டு தட்டுத் தட்டினார்.

எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும்படி ரீஸ்டார்ட் மாற்றிக் கொடுத்துவிட்டான், எல்லாவற்றையும் இதோடு இணைத்திருக்கிறேன். கடைசி ஃபைலை, ஓடுகிறதா என்று பார்க்க மட்டும் போட்டேன். ஓடுகிறது. தொண்டையைச் செருமினார், அப்புறம் வாடி வாலு, வந்துட்டியா என்றார், நான் நிறுத்திவிட்டேன். உனக்குச் சொன்னதை நான் முந்திக்கொண்டு கேட்கக் கூடாது, எனக்கும் ஏதாவது வைத்திருந்தால் நீ வந்த பிறகு இரண்டு பேருமாகக் கேட்போம். இப்போதே திறந்து பார், ராத்திரி பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதே, உன் கம்ப்யூட்டரில் சத்தம் வரவில்லை என்றால் முதலில் எந்த ஸ்பீக்கரில் போகிறது என்று பார், அப்படியும் விறைத்தால் உடனே எனக்குச் சொல்லு. திங்கட்கிழமை சாயங்காலம் வரை அவருக்குக் குரல் இருக்கிறது.

நல்லபடியாக வந்து சேர், கழுத்தை மூடிக்கொள், பயணத்தில் வெறும் வயிற்றோடு இருக்காதே. அப்பாவும் நானும் உனக்குத் தரும் ஆசி எப்போதும் போல் நிறைய.

உன் அம்மா
(கார் ஓட்டத் தெரியாத டிரைவிங் ஸ்கூல் முதலாளியம்மா)