பின்னறைக்குப் போகாத சூடு

அக்டோபர் 30
இன்னும் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் உலையைப் போடவில்லை. எதிர்வீட்டு ஆர்லீன் நேற்றே போட்டுவிட்டாள், புகைபோக்கி காட்டிக்கொடுத்துவிட்டது. அமெரிக்காவில் எங்கள் மெய்ன் மாநிலப் பக்கத்தில் நவம்பர் பிறக்கும் முன் உலை போடுபவர்களுக்குக் குளிர்காலம் முடியும்வரை கேலிதான். இந்த வருடமும் நானே ஜெயித்தேன்.

நவம்பர் 9
மெர்லை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தாயிற்று. இடுப்பில் ஆபரேஷன், மாடி ஏறக் கூடாது. பின்னறையில் கட்டில் போட்டேன். உடம்பு குளிரவே கூடாது என்றாள் நர்ஸ். உலையை இயக்கும் தெர்மோஸ்டாட்டை அறுபத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்தேன். நானா! புருஷனுக்கு எரியாத எண்ணெய் யாருக்கு?

நவம்பர் 24
கூடத்தில் விறகடுப்பும் ஓயாமல் எரிகிறது. அறுபத்தெட்டு வைத்தும் எண்ணெய்த் தொட்டியின் அளவு முள் இறங்கவே இல்லை. ஆர்லீனிடம் பெருமையடித்துவிட்டு வந்து மெர்லிடமும் சொன்னேன். போர்வைக்குள்ளிருந்து சிரித்தார்.

டிசம்பர் 2
பனி. முள் அதே இடத்தில். கெட்டிக்காரிதான் நான்.

டிசம்பர் 6


காலையில் பின்னறைக் குழாயில் தண்ணீர் வரவில்லை, உறைந்துவிட்டது. மெர்ல் கோட்டு, கம்பளித் தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். கை ஐஸ் மாதிரி. அறுபத்தெட்டு வைத்த வீட்டில் எப்படி?

கூடத்துக்கு ஓடிப் பார்த்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. தெர்மோஸ்டாட் இருப்பது விறகடுப்புக்கு எதிர்ச் சுவரில். அடுப்புச் சூட்டில் அதற்கு வீடே வெந்துகொண்டிருப்பதாக எண்ணம். உலையை எழுப்பவே இல்லை. நான் எண்ணெயை மிச்சம் பிடிக்கவில்லை, அவரைக் குளிரில் போட்டிருக்கிறேன்.

"ஏங்க, ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே?"

"அந்தத் தொட்டிய பாத்துட்டு வரும்போது உன் மூஞ்சில ஒரு சந்தோசம், வெர்னா. அதக் கெடுக்க மனசு வரல."

என்ன மனுஷன் இவர்! ஏதாவது ஆயிருந்தா நான் என்ன பண்ணுவேன்? வெந்நீர்ப் பையை வைத்து, காலைத் தேய்த்துவிட்டு, குளியலறையில் போய் அழுதேன்.

டிசம்பர் 8
உலை ரிப்பேர் ஆள் வந்து தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பின்னறையில், மெர்லின் தலைமாட்டில் மாட்டிவிட்டுப் போனான். உலை உறுமுகிறது. உறுமட்டும்.

டிசம்பர் 23
முள் இறங்கிவிட்டது, எண்ணெய் லாரி வந்தது. ஆர்லீன் வேலையை விட்டுவிட்டு ஜன்னலில் நின்று பார்த்தாள். கையசைத்தேன்.

மெர்ல் பனியனோடு உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். புழுக்கமாக இருக்கிறதாம், கொஞ்சம் குறைக்கச் சொல்கிறார். முடியாது என்றேன்.