வருகைக் கையெழுத்து

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே குழந்தைகள் நலம். சின்னவளுக்கு இருமல் தேவலை. போனில் பேசினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், அதனால்தான் கடிதம்.

எங்கள் தெருக்கோடியில், பள்ளிக்கூடத்தை ஒட்டிய காலி மனையில், நகராட்சி குப்பை எரிக்கும் கொட்டகை கட்டப்போகிறது. போன மாதம் மக்களிடம் கருத்துக் கேட்கக் கூட்டம் போட்டார்கள். வாசலில் உன் அத்தான் ஒரு தாளை நீட்டி, "வந்ததுக்கு ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்" என்றார். நகராட்சித் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர், தெருவுக்கே தெரிந்தவர். யார் சந்தேகப்படுவார்கள்? முதல் கையெழுத்து நான்தான் போட்டேன். என்னைப் பார்த்து அறுபது பேர் போட்டார்கள்.

அதே தாள் போன வாரம் அறிவிப்புப் பலகையில் தொங்கியது. மேலே, "திட்டத்துக்குச் சம்மதம் தெரிவித்தவர்கள்" என்று புதிதாகத் தலைப்பு. அன்றிலிருந்து தெருவில் ஒருவரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தைக்கக் கொடுத்த துணியைக்கூட இரண்டு பேர் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

அத்தானைக் கேட்டேன். நிமிர்ந்து பார்க்காமலே, "தெரியும். பத்து வருஷமா தற்காலிக வேலை. நிரந்தரம் பண்றேன்னாங்க. நான் என்ன பண்ணட்டும்?" என்றார். எனக்குக் கோபமே வரவில்லை, அதுதான் கஷ்டம். சொன்னால் அவர் வேலை போகும். சொல்லாவிட்டால் புகை பிள்ளைகளின் வகுப்புக்குள் போகும். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. நாலு நாள் ஒரே சட்டையைப் பிரித்துப் பிரித்துத் தைத்தேன்.

ஆட்சேபம் சொல்லத் திங்கட்கிழமை கடைசி நாள். மேலிடத்து அதிகாரி நகராட்சி அலுவலகத்துக்கு வந்திருந்தார், தெருவே அங்கே கூடியிருந்தது. எழுந்து, "முதல் கையெழுத்து என்னோடது சார். வந்ததுக்குன்னுதான் போட்டேன், சம்மதத்துக்கு இல்ல" என்றேன். அப்படிச் சொல்லி வாங்கியது யார் என்று கேட்டார். அத்தான் கதவோரம் நின்றிருந்தார். வேறு யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"என் வீட்டுக்காரர்" என்றேன்.

பட்டியலை ரத்து செய்துவிட்டார்கள். அடுத்த மாதம் மறுபடியும் கூட்டம். இப்போது தெருவே என்னைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. எனக்கோ வாசலுக்குப் போகவே பிடிக்கவில்லை.

அத்தானிடம் லாரிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து, "நிரந்தரம் பண்ணிட்டாங்க, வீட்டோட" என்று சிரித்தார். மறுநாள் காலை பையை எடுத்துக்கொண்டு சிநேகிதரின் லாரி ஷெட்டுக்குப் போய்விட்டார். ஐந்து நாளாகிறது. நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

நீ கூப்பிட்டால் எடுப்பார். உன்மேல் அவருக்குப் பிரியம் அதிகம். நான் எழுதியதாகச் சொல்லாதே. யார் பக்கம் நியாயம் என்றும் பேசாதே. சாப்பிட்டாரா என்று மட்டும் கேள்.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும்.

உன் அக்கா