வேலைக்குப் போயிருக்கிறார்

மார்ச் 4, செவ்வாய்
காலையில் ஆறு பள்ளிச் சீருடைகளைத் தைத்து முடித்தேன். என்னோடேயே இருக்கும் தங்கைக்கு இதய வால்வு சுருங்கிவிட்டது, மார்ச் முடிவதற்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஒன்பது நாள். நாளைக் கடத்தினால் ஆபத்தாம். எங்களிடம் இருப்பது ஒரு தையல் மெஷின். அரசு காப்பீட்டு அட்டைதான் ஒரே வழி.

மார்ச் 6
ஆஸ்பத்திரியில் காப்பீட்டுக் கவுன்டர். அங்கிருந்த பெண் பொறுமைசாலி. "பணம் உங்க கைக்கு வராதும்மா. ஆபரேஷனுக்கு முன்னாடி நாங்க எழுதிப் போடுவோம். அனுமதி வந்தா செலவை அரசாங்கமே ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துடும். ஆனா குடும்ப வருமானம் வரம்புக்குள்ள இருக்கணும்."

என் வருமானத்தைப் பார்த்தால் வரம்பே சிரிக்கும் என்று தெம்பாக நின்றேன். கம்ப்யூட்டரைத் தட்டியவள், "வீட்டுக்காரர் கம்பெனி வேன் டிரைவரா? அவர் சம்பளத்தைச் சேர்த்தா தாண்டுதே" என்றாள்.

அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை?

மார்ச் 7
எல்லாம் என்னால்தான். போன வருடம் அரசாங்கத்திலிருந்து குடும்ப வருமானக் கணக்கெடுக்க வந்த பெண், "வீட்டுக்காரர் எங்கம்மா?" என்று கேட்டாள். "வேலைக்குப் போயிருக்கார்" என்றேன். பதினெட்டு வருடம் சொல்லிப் பழகிய நாக்கு. சொன்னதும் எவ்வளவு நன்றாக இருந்தது. எந்தக் கம்பெனி, என்ன சம்பளம் என்று அவள் கேட்கக் கேட்க, சந்தோஷமாகச் சொல்லிக் கையெழுத்தும் போட்டேன். அன்று சாயங்காலம் வரை அவர் எங்கோ வேன் ஓட்டிக்கொண்டிருந்தார் — எனக்கு.

மார்ச் 9, ஞாயிறு
ஞாயிறென்றால் வாசலில் வேனைக் கழுவுவார். பாட்டு வேறு, சுருதிக்கும் அவருக்கும் ஜென்மப் பகை. தூக்கத்தில் வலது கால் பிரேக்கை அழுத்தும், நான் முழித்துக்கொள்வேன். அப்போதெல்லாம் எரிச்சலாக இருக்கும். இப்போது ஒரு மிதி கிடைத்தால் போதும்.

மார்ச் 10
தங்கையிடம் சொன்னேன்.
"மாமாவோட இறப்புச் சான்றிதழ் இருக்குல்லக்கா? அதைக் கொடுத்தா முடிஞ்சுது."
"கொடுத்தா குடும்ப அட்டையில பேரை அடிச்சிடுவாங்கடி."
மாத்திரை டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "மனசு வரலைன்னா விடுக்கா. நான் மாத்திரையிலயே ஓட்டிக்கிறேன்."

பாவி. இப்படிச் சொல்வதற்கு நாலு அறை விட்டிருக்கலாம். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இல்லாதவருக்காக இருக்கிறவளைத் தொலைக்கப் பார்த்தேனே, நானெல்லாம் என்ன அக்கா?

மார்ச் 11
தாலுகா ஆபீஸில் சான்றிதழைக் கொடுத்துவிட்டேன். "மூணு வருஷமா ஏம்மா பேரை எடுக்கலை?" என்றார் குமாஸ்தா.
"கை வரலை சார்."
 பெயரை எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மார்ச் 19
புது வருமானச் சான்றிதழ் வந்தது. காப்பீட்டு அட்டையும் கிடைத்தது. இரண்டே பெயர்கள்.

மார்ச் 24
அனுமதி வந்துவிட்டது.

மார்ச் 27
ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன், மூச்சு சீராக இருக்கிறது.

ஏப்ரல் 5
வீட்டுக்குக் கிளம்பினோம். ஆஸ்பத்திரி வாசலில் கார் டிரைவர் திரும்பிப் பார்த்து, "இன்னும் யாராவது வரணுமாம்மா?" என்றார்.
"இல்லப்பா. நாங்க ரெண்டு பேருதான், போகலாம்" என்றேன்.
தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். வண்டி கிளம்பியது.