மூன்றாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு

தீபாவளி முடிந்த செவ்வாய், ராத்திரி.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல போன் எழுதிக்கொள்கிறது.

நான் செத்தால், என் பெட்டியைத் தூக்கும்போது எனக்குப் பிடித்த, த்ராஷ் மெட்டல் என்கிற அதிரடி ராக் வாசிக்கும் குழுவின் மூன்றாவது ஆல்பத்திலிருந்து கடைசிப் பாட்டைப் போட வேண்டும் என்று இன்று மகள் எஸ்தரிடம் சொன்னேன். டீச்சர் அல்லவா, அதட்டினாள்.

"கீதம் பாடித்தான்ப்பா எடுப்பாக. போதகர் என்ன நெனப்பாரு?"

பட்டாசு கம்பெனியில் வெடியைக் கொளுத்திச் சோதித்தே என் காது பாதி போய்விட்டது. கீதம் எனக்கு வெறும் முணுமுணுப்பு. இந்தக் குழு டிரம் அடித்தால் நெஞ்சுக்கூட்டில் கேட்கிறது. முதல் ஆல்பத்தில் வேகம் மட்டும்தான் இருந்தது. இரண்டாவதில் கிட்டார் கைக்கு வந்தது. மூன்றாவதில் யாருக்கும் பயப்படாமல் அடித்தார்கள்.

வீட்டில் இந்தப் பாட்டுகள் நாளெல்லாம் அலறுவதால் எஸ்தருக்கும் எல்லாம் தெரியும். கொஞ்சம் இறங்கி வந்தாள்.

"நாலாவதுல மெதுவா ஒண்ணு வருமே, அதுன்னா போதகர்ட்ட கேட்டுப் பாக்கேன்."

ஊரே மெச்சுகிற பாட்டு அது. ஊர் மெச்ச வேண்டும் என்றே போட்டது.

"அதைப் போட்டா பெட்டியை விட்டு எறங்கி நடந்தே போயிருவேன் தாயி."

சிரித்துவிட்டாள். "அந்தக் கத்துற பாட்டு எம்புட்டு நேரம் ஓடும்?"

"எட்டு நிமிஷம். கல்லறைத் தோட்டம் வரைக்கும் பத்தாது. ரெண்டு தடவை போடு."

விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். அவள் சரி என்று சொல்கிற வரைக்கும் எனக்குச் சாகிற உத்தேசம் இல்லை.