உள்ள போன சத்தம்

ஜூலை 6, ஞாயிறு

சீனிக்குட்டி, மழை விடல. நீ கெடந்த மேல்தட்டு ஒழுகுது. உன் லேப்டாப்பு, கிதாரு, வயர் சொருகுற பொட்டி எல்லாத்தையும் தார்ப்பாயில சுத்திக் கீழ எறக்கிட்டேன். கிதார் உறையில பூஞ்சை. தொடச்சேன்.

சாயங்காலம் ஜீனத்தும் ஆண்டனியும் வந்தாங்க. உன் பேண்டுல மிச்சம் அவங்க ரெண்டு பேருதான். நீ பதிஞ்சு வச்ச பாட்ட முடிக்கணுமாம். உன் கிதார் பதிஞ்சிருக்கு, ஜீனத்தோட டிரம்ஸ் இன்னும் பதியல. முடிச்சு உன் பேர் போட்டு வெளிய விடணும்னு ஆசை.

ஆண்டனி லேப்டாப்புல போட்டுக் காட்டுனான். சோன்னு ஒரே இரைச்சல். கேஸ் கசியுத மாதிரி. அதுக்குள்ள எங்கயோ நீ.

"அவனுக்குக் கையில பலம் இல்லல்லா ஆன்ட்டி. மெதுவாத் தொட்டிருக்கான். சின்னச் சத்தமா உள்ள போயிருக்கு. ஏத்துனா இரைச்சலும் சேந்து ஏறுது."

அப்புறம் மெல்லக் கேட்டான். அந்தக் கிதார அவன் திரும்ப வாசிச்சிரட்டுமான்னு.

ஜீனத் அவன் மண்டையில ஒண்ணு வச்சா. "சுப் பேட்! சும்மா இரு. இப்பமே கேக்கணுமால?"

நான் எந்திரிச்சேன். டீ கிளாஸக் கழுவப் போயிட்டேன். டி.பி. உன்னக் கொண்டு போச்சு. மிச்சம் கெடக்கது இந்தச் சத்தம்தான். அதையும் எடுத்துட்டு வேற கையா?

ஜூலை 8, செவ்வாய்

வேலை. ஹேண்ட்பேக்குக்கு ஃபோம் ஒட்டு. பசை நாத்தத்துல தலவலி.

பட்டறை மொதலாளி பாய்ட்ட கேட்டேன். வெள்ளிக்கிழம மத்தியானம் பட்டறை பூட்டித்தான கெடக்கும், பிள்ளைக அங்க டிரம்ஸ் பதியட்டுமான்னு. சுத்தி தோலும் ஃபோமும் அடுக்கியிருக்கு, எதிரொலிக்காதுன்னு ஜீனத் சொல்லியிருந்தா. பாய் அவளுக்குத் தாய்மாமன்.

"பொட்டப்பிள்ளைக்குக் கொட்டு வாங்கிக் கொடுத்ததே நாந்தான்னு அவ உம்மா இன்னும் எங்கூடப் பேச மாட்டேங்கா. இதுல இது வேறயா?" தலையச் சொறிஞ்சாரு. அப்புறம் சாவி தந்தாரு. "நீ கேட்டு மாட்டேன்னு சொல்லுவனாம்மா."

வாங்க வேண்டியது: ரவை. கொசுவத்தி. ஒழுகுற எடத்துக்கு பிளாஸ்டிக்.

ஜூலை 9, புதன்

அரை நாள் லீவு. செம்பூர் மியூசிக் கடைக்கு ஜீனத் கூட. பஸ்ல நசுங்கிப் போனோம்.

எனக்கு ஒரு நெனப்பு. அவட்ட சொல்லல. நல்ல பொட்டியா எடுத்தா உன் சத்தம் தெளிஞ்சிரும்னு.

கடைக்காரர் மாட்டுங்காக்காரர். ஆபீஸுக்குப் போற அய்யர்மாரு தமிழ். உன் பொட்டியத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "இதுல ரெண்டு ஓட்டைதான். கிதாருக்குப் போறும். டிரம்ஸுக்கு எட்டு மைக்காவது வைக்கணும். மைக்லேர்ந்து வர்றது துளியூண்டு சத்தம். அத ஏத்தி விடறதுதான் பிரீஆம்ப். ஏத்தினத கம்ப்யூட்டருக்கு அனுப்பறது இன்டர்ஃபேஸ். இந்தப் பெட்டில ரெண்டும் உண்டு."

எட்டு ஓட்டைப் பொட்டியா ரெண்டு எடுத்து வச்சாரு. ஹெட்போன என் தலையில மாட்டி டிரம்மத் தட்டுனாரு. ஒண்ணு தகரம் மாதிரி. இன்னொண்ணு என் விலாவுலயே விழுந்துச்சு. இதுதான்னேன்.

சிரிச்சாரு. "அத கொஞ்சம் ஏத்தி வச்சிருந்தேம்மா. சத்தம் கூட இருந்தா நன்னா இருக்கறாப்பல தோணும். எல்லாரும் ஏமாறுவா." ரெண்டையும் ஒரே அளவுக்கு வச்சாரு. அப்புறம் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல.

கேட்டுட்டேன். "ஏற்கெனவே பதிஞ்சத இதுல விட்டா தெளியுமா சார்?"

"தெளியாதும்மா. உள்ள போனது போனதுதான். இனிமே வர்றதத்தான் இது சரியா வாங்கும். பையன இன்னொரு தடவ வாசிக்கச் சொல்லுங்கோ."

ஜீனத் தரையப் பாத்தா.

"வாசிக்க மாட்டான்"னேன்.

எட்டு ஓட்டைய நாலு நாளைக்கு வாடகைக்கு எடுத்தோம். திரும்பயில பஸ்ல அவ என் கையப் பிடிச்சிக்கிட்டே வந்தா. கை பூரா காச்சிருக்கு. குச்சி பிடிச்ச கை.

ஜூலை 11, வெள்ளி

மழை கொஞ்சம் நின்னுச்சு. பட்டறையில மைக்க நட்டு வைக்கவே பாதி மத்தியானம் போச்சு.

அவ அடிக்க ஆரம்பிச்சதும் சந்துல கூட்டம். பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா வாசல்ல நின்னு, "வருசம் திரும்பல, அதுக்குள்ள கொட்டுச் சத்தமா? நல்லாருக்குடி ஒன் துக்கம்" அப்படின்னா.

"இது எம்புள்ள பாட்டு, அக்கா. கேக்கணும்னா உள்ள வா, இல்ல கதவச் சாத்திட்டுப் போ."

சாத்திட்டுப் போனா. அக்கா உள்ள வந்துட்டுத்தான் சாத்துதான்னு நெனச்சேன். இல்ல.

டிரம்ஸ் நல்லா விழுந்திருக்காம். அதுக்கு மேல உன் கிதார வச்சாங்க. நீ காணல. ஆண்டனி ஏத்துனான். இரைச்சல். இரைச்சல அடைக்க வாசல் கேட்டு மாதிரி 'கேட்'னு ஒண்ணு இருக்காம், சத்தம் கொறஞ்சா தானா மூடிக்கிடும். போட்டான். நீ மெதுவாத் தொட்ட எடமெல்லாம் மூடிருச்சு. பாதிப் பாட்டுல நீ இல்ல.

தெறந்து வைன்னேன். இரைச்சல். மூடுன்னேன். நீ இல்ல. எத்தன தடவன்னு தெரியல. ஆண்டனி ஒரு தடவகூட மொகஞ்சுளிக்கல. சொன்னபடி செஞ்சான்.

கடைசியில ஜீனத் வந்து பக்கத்துல உக்காந்தா. "ஆன்ட்டி, இப்படியே விட்டா கேக்குறவன் சிரிப்பான். அவனப் பாத்து யாரும் சிரிக்கப்படாது."

நாளைக்குச் சொல்லுதேன்னேன்.

ஜூலை 12, சனி

காலையில ஆளுக வாரதுக்கு முன்ன பட்டறையத் தெறந்தேன். ஆண்டனி ஆண்டாப் ஹில்லுல இருந்து கிதார் சத்தத்தப் பெருசாக்குற ஆம்ப்ப ஆட்டோவுல கொண்டாந்து காத்துக் கெடந்தான்.

வாசின்னு சொல்லிட்டேன் மக்கா. உன்னோடத அழிக்க மாட்டாங்க, தனியா இருக்கும். ஆனா பாட்டுல இருக்காது. நாந்தான் சொன்னேன். வேற யாரும் சொல்லல.

ஆம்ப் முன்னால ஒரு மைக். கிதாருக்கு உன் ரெண்டு ஓட்டைப் பொட்டியே போதும்னு அதுலதான் சொருகுனான். "அவன் போட்டதத்தான் ஆன்ட்டி வாசிப்பேன். ஒண்ணும் சேக்க மாட்டேன்"னு சொன்னான். வாசிச்சான்.

பசை டப்பா மேசையில நகந்துச்சு. கூரைத் தகரம் அதிர்ந்துச்சு. காலு வழியா ஏறி நெஞ்சுல வந்து நின்னுச்சு. நல்லாருந்துச்சு. அதான் தாங்கல. நீ மேல ஹெட்போன மாட்டிக்கிட்டு வாசிப்ப, கீழ எனக்குக் கம்பியத் தட்டுற சின்னச் சத்தம்தான் வரும். பொழுது போகத் தட்டுதான்னு நெனச்சிருந்தேன்.

இருமிக்கிட்டு மேல்தட்டுல கெடக்கையில, உனக்கு இவ்வளவு பெருசாவா கேட்டுச்சு?