கறுப்புக்கு நான் சொன்ன ஓம்

சித்தி, இந்த மடலில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்குச் சாதகமாக ஒரு வரியையும் மாற்றமாட்டேன். மாற்றினால் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

இன்று பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கராஜ் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கால் வைத்ததும் தேங்காய் மணம். மொன்ட்ரியாலின் புறநகரான இந்தக் கர்க்லாண்டில், ஜனவரி மாதத்தில், பனி அள்ளும் சவளும் பழைய ரயர்களும் கிடக்கிற இடத்தில் தேங்காய் மணக்க ஒரே காரணம்தான் இருக்கமுடியும். கால் வழுக்காமலிருக்க அலையில் ஏறி நிற்கும் உங்கள் சேர்ஃப் பலகைக்கு நீங்கள் தேய்க்கிற மெழுகு. எங்கள் கராஜில் நீங்கள் மாட்டிவைத்திருந்த பலகையை அம்மா உறையோடு கீழே இறக்கிச் சுவரில் சாய்த்திருந்தார்.

"நாளைக்குக் காலமை ஆரோ ஒரு மனுசன் வந்து எடுத்துக்கொண்டு போவார். சும்மா குடுக்கிறன். இந்தச் சனியன் என்ர கண்ணுக்கு முன்னால நிக்க வேண்டாம்."

அவர் குசினிக்குப் போனதும் உறையின் பக்கப் பைக்குள் கையை விட்டேன். ஒரு மெழுகுக் கட்டி, ஒற்றைக் காலுறை, நாலாக மடித்த ஒரு தாள். விரிக்காமலே தெரிந்தது. என் கொப்பியிலிருந்து நான் கிழித்துத் தந்த தாள்.

போன மார்ச் விடுமுறைக்கு மார்டினிக் தீவுக்குப் போவதென்று முடிவானபோது, "எந்தக் கரை ஆருக்குச் சரியெண்டு புரொபெசர் பாக்கட்டும்" என்று உங்கள் புரொபெசரான என்னிடம் அந்த வேலையைத் தந்தீர்கள். டவுன்டவுன் உணவகச் சமையலறையில் நின்று நின்று முழங்கால் நொந்த நீங்கள், முப்பத்தெட்டு வயதில், இங்கே ஆற்றில் ஒரே இடத்தில் எழும்பி நிற்கும் அலையில் ஏறப் பழகியிருந்தீர்கள். "அலை நிக்குது, நான்தான் விழுறன்" என்பீர்கள். கடலலை அப்படி நின்று தராது. அதில் நீங்கள் அரைகுறை. என் தங்கை ஆரணிக்கு ஒன்பது வயது, நீச்சல் குளத்தைத் தவிர வேறு தண்ணீர் தெரியாது. நான் கரையில் புத்தகத்தோடு இருப்பவள்.

மூன்று வாரம் நூலகத்தில் இருந்து வாசித்தேன். அலையின் உயரத்தை மட்டும் பார்ப்பது பிழை என்று முதல் வாரத்திலேயே விளங்கியது. அடியில் மணலா, பவளமா, எரிமலைக் கல்லா? காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது? விழுந்தால் நீரோட்டம் ஆளைக் கரைக்குக் கொண்டுவருமா, பாறைக்குக் கொண்டுபோகுமா? வெளியே வர எத்தனை வழி? ஏழு கரைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இதையெல்லாம் பார்த்து, கடைசியில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நிறம் போட்டேன்.

நிறம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குப் பிறகு சொன்னேன். பள்ளிக்கூடத்திலிருந்து வருடாவருடம் எங்களைப் பனிச்சறுக்கு மலைக்குக் கூட்டிப்போவார்கள். அங்கே பாதைக்குப் பாதை நிறமிருக்கும். பச்சை என்றால் புதியவர்கள். நீலம் என்றால் கொஞ்சம் பழகியவர்கள். கறுப்பு என்றால் கைதேர்ந்தவர்கள் மட்டும்; மற்றவர்கள் கிட்டவும் போகக்கூடாது. மொன்ட்ரியாலில் வளர்ந்த பிள்ளைக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆகவே நானும் விளக்கவில்லை. வடக்கிலிருந்த ஒரு கரைக்குப் பக்கத்தில் இப்படி எழுதினேன்: "கறுப்பு. தீவிலேயே மிகச் சிறந்த அலை."

மார்டினிக் எரிமலைத் தீவு. அதன் வடக்கில் மண்ணே கறுப்பு. அதுவும் எனக்குத் தெரியும். அதே கொப்பியில் வேறொரு பக்கத்தில் எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் நீங்கள் வாழ்நாளில் பனிச்சறுக்குப் போகாதவர், கறுப்பை மண்ணின் நிறமென்றே வாசிப்பீர்கள் என்பது ஒரு தடவைகூட எனக்கு நினைவு வரவில்லை.

மூன்றாம் நாள் காலை அம்மாவுக்குத் தலையிடி. எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு நீங்கள் காரை எடுத்தீர்கள். பின் இருக்கையில் நான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

"சித்தி, கறுப்பு மண்ணைப் பாக்கோணும். கையில ஒட்டுமோ?" என்றாள் ஆரணி.

"ஒட்டினா நீயும் என்னைப் போல வடிவா வருவாய்."

பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தீர்கள். "புரொபெசர், கறுப்பெண்டு போட்டதுதானே நல்ல அலையெண்டு எழுதினனி?"

"ஓம்."

"அப்ப அங்க போவமே?"

"ஓம், சித்தி."

இதுதான் நான் யாருக்கும் சொல்லாதது. நீங்கள் கேட்டது என் காதில் விழுந்தது. அத்தியாயம் முடிய இன்னும் நாலு பக்கம் இருந்தது. தலையை நிமிர்த்தாமல் இரண்டு தடவை ஓம் சொன்னேன்.

கரையில் இறங்கியதும் ஆரணி மண்ணை அள்ளி அள்ளிச் சிரித்தாள். பிறகு அவளை மென்பலகையில் இருத்தி, அதைப் பிடித்தபடி இடுப்பளவு தண்ணீரில் நின்றீர்கள். நான் துவாயை விரித்து மறுபடி புத்தகத்தைத் திறந்தேன். எவ்வளவு நேரமோ தெரியாது, ஒரு சத்தம் என்னை நிமிர வைத்தது. அலை அடிக்கிற சத்தமல்ல. அலை பின்வாங்கும்போது அடியில் கற்கள் ஒன்றோடொன்று உருண்டு மோதுகிற சத்தம். மணல் அடியென்றால் அந்தச் சத்தம் வராது. அதை வாசித்திருக்கிறேன்.

அப்போதுதான் சுற்றிப் பார்த்தேன். ஒரு குழந்தையும் இல்லை. தூரத்தில் மூன்று ஆண்கள், சின்னப் பலகைகளோடு, பாறைப் பக்கத்தால் தண்ணீருக்குள் இறங்குகிறார்கள். இது கறுப்பு. என்னுடைய கறுப்பு.

நான் எழும்புவதற்குள் பெரிய அலைகள் வரிசையாக வரத் தொடங்கின. முதலாவது உங்கள் இருவரையும் மூடியது. நுரை இறங்கியபோது இடுப்பளவில் நின்ற நீங்கள் எட்டாத ஆழத்தில் இருந்தீர்கள். ஆரணியைப் பலகையில் படுக்க வைத்து, அதன் வாலைப் பிடித்துக் கரையை நோக்கி உதைத்தீர்கள். உதைக்க உதைக்கத் தள்ளிப் போனீர்கள். பாறைகள் வலப்பக்கம், ஒரு பஸ் நீளத் தூரம்.

அந்த மூவரில் ஒருவர் பிரெஞ்சில் கத்தினார், கரைக்கு நீந்தவேண்டாம், பாறைக்கு எதிர்ப்பக்கம் போகச்சொல் என்று. உங்கள் பிரெஞ்சு சமையலறைப் பிரெஞ்சு. வெங்காயமும் கத்தியும் அடுப்பும் தெரியும், இது தெரியாது. நான் முழங்கால் வரை ஓடிப்போய்க் கத்தினேன்.

"சித்தி! கரைக்கு நீந்தாதேங்கோ! பாறைக்கு மற்றப் பக்கம்! மற்றப் பக்கத்தால போங்கோ!"

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். ஒரு கணம்தான். கரை இவ்வளவு கிட்ட இருக்கும்போது கரையை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் போ என்று ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை சொல்கிறது, அதுவும் இந்த இடத்துக்குக் கூட்டிவந்த பிள்ளை. ஆனாலும் திரும்பினீர்கள். அடுத்த அலை வந்தது. அதற்கடுத்தது. இரண்டு தலையை எண்ணுவேன், ஒன்று காணாமல் போகும், மறுபடி இரண்டு வரும். அந்த மனிதர் உங்களை எட்டிப் பிடித்தபோது நீரோட்டம் விட்டிருந்தது. மூவரும் கற்களில் உருண்டுதான் கரைக்கு வந்தீர்கள். உதட்டுக்குக் கீழே ஆரணியின் நாடி பிளந்திருந்தது. உங்கள் பாதத்தில் எலும்பு தெரிந்தது. இருமி இருமித் தண்ணீரைத் துப்பிவிட்டு, "மண் ஒட்டேல்லை, சித்தி" என்றாள் ஆரணி. நீங்கள் சிரித்தீர்கள். பிறகு அழுதீர்கள்.

வாடகை வீட்டில் நீங்கள் உட்காருமுன்பே அம்மா தொடங்கிவிட்டார்.

"எடியே, உனக்கு வாசிக்கத் தெரியாதே? அவள் மூண்டு கிழமை இருந்து எழுதித் தந்தவள். பச்சையெண்டு போட்ட கரை வேற கிடக்கு. கண் என்ன பிடரியிலயோ?"

நான் கதவடியில் நின்றேன். கட்டுப்போட்ட காலை நீட்டியபடி நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கோபமாகப் பார்க்கவில்லை; காத்திருந்தீர்கள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"நான்தான் அக்கா வடிவா வாசிக்கேல்லை" என்றீர்கள்.

"உன்னை நம்பி இனி என்ர பிள்ளையைத் தரமாட்டன்."

திரும்பி வரும் விமானத்தில் என் பக்கத்தில் இருந்து தாளை விரித்தீர்கள். "இப்ப சொல்லு, கறுப்பெண்டா என்ன?" சொன்னேன். தாளைத் திரும்ப மடித்தபடி, "அப்ப ஸ்கீ போகாத சனமெல்லாம் சாகவேண்டியதுதானே, புரொபெசர்?" என்றீர்கள். சிரிக்க வைக்கத்தான் சொன்னீர்கள். "அம்மாட்டச் சொல்லட்டே?" என்று கேட்டேன். "உனக்கு எப்ப ஏலுமோ அப்ப சொல்லு. நான் சொல்லமாட்டன்."

ஏப்ரலில் சொல்லலாம் என்றிருந்தேன். பிறகு பரீட்சை முடியட்டும் என்றிருந்தேன். கோடையில் நீங்கள் ஆற்றுக்குப் போக வந்து வாசலில் நின்று, "ஆரணி வாறாளோ?" என்று கேட்பீர்கள். "இல்லை" என்று அம்மா ஒரு சொல்லில் முடிப்பார். நான் மேல்மாடிப் படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஒக்டோபரில் உங்கள் தலைக்குள் இரத்தக்குழாய் வெடித்தது. ஒரே நாள். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனபோது நீங்கள் யாருடனும் கதைக்கிற நிலையில் இல்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்களிடம்கூட அம்மா அந்தக் கதையைச் சொன்னார்: "நல்லவள்தான், ஆனா பிள்ளையைக் கொண்டுபோய்க் கறுப்புக் கடலுக்குள்ள விட்டவள்." நான் அவர் பக்கத்தில்தான் நின்றேன்.

இன்று தாளை விரித்தேன். என் எழுத்துக்குக் கீழே, நீல மையில், உங்கள் சாய்ந்த எழுத்து. நான் எழுதாமல் விட்ட விளக்கத்தை நீங்கள் எழுதியிருந்தீர்கள்.

"பச்சை: ஆரணி. நீலம்: நான். கறுப்பு: பாக்க மட்டும். புரொபெசர்: கரையில நிண்டு கத்த."

அம்மாவைக் கராஜுக்குக் கூப்பிட்டேன். கை துடைத்துக்கொண்டு வந்தார். "சித்தி பிழையா வாசிக்கேல்லை, அம்மா. நான்தான் பிழையா எழுதினனான்." பனிச்சறுக்கு மலையையும், காரில் கேட்ட கேள்வியையும், நாலு பக்கத்தையும், இரண்டு ஓமையும் சொன்னேன். குளிரில் என் பல் அடித்தது. அம்மா தாளை வாங்கி, குழல் விளக்குக்குக் கீழே பிடித்து வாசித்தார்.

"கடைசி நாலு வரியும் அவளின்ர எழுத்தோ?"

"ஓம்" என்றேன். இந்த முறை அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அப்படித்தான் சொல்லவேண்டும் என்பது உங்களிடமிருந்து என்னோடு மிஞ்சியிருக்கிறது, சித்தி. யாராவது எதையாவது கேட்டால் இப்போது புத்தகத்தை மூடிவிட்டுத்தான் ஓம் சொல்கிறேன். எதை எழுதினாலும் கீழே விளக்கம் எழுதுகிறேன்; ஆசிரியர்கள் அது அதிகம் என்கிறார்கள்.

"ஏன் அவள் எனக்குச் சொல்லேல்லை?" என்று அம்மா கேட்டார். என்னைக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். தாளை மடித்து உறையின் பைக்குள் அது இருந்த இடத்திலேயே வைத்தார். பிறகு பலகையின் ஒரு முனையைப் பிடித்தார்.

"மற்றப் பக்கத்தைத் தூக்கு."

இருவருமாகத் தூக்கிச் சுவரில் பழைய ஆணிகளில் மாட்டினோம். கண்ணைத் துடைக்க அம்மாவுக்கு இருட்டு வேண்டியிருந்தது போல. நான் வாசலைத் தாண்டுமுன்பே கராஜ் லைட்டை நூர்த்துவிட்டார்.