ஒன்ஸ்மோர் கேட்டவருக்கு

பழையது உறியில் இருக்கிறது, துவையல் அம்மிப் பக்கத்தில். பசுவைக் கறந்துவிட்டேன்.

நேற்று நாடகக் கொட்டகையில், மாமியார் கொடுமையிலிருந்து அப்பன் மகளை மீட்டதும் நீங்கள் அழுதுகொண்டே "ஒன்ஸ்மோர்" என்று கத்தினீர்கள். அவனும் இரண்டாம் தடவை மீட்டான்.

நம் பகவதி பூதப்பாண்டியிலிருந்து, "அப்பா, என்னைக் கூட்டிட்டுப் போங்க" என்று ஆடியிலேயே ஆள் அனுப்பினாள். "கெட்டிக் குடுத்த பிள்ளைய விளிச்சிட்டு வந்தா ஊரு சிரிக்கும்லா" என்றதும் இதே வாய்தான்.

நானே போகிறேன். மத்தியானம் அவளோடு வருவேன். கதவைச் சாத்திவிட்டு எங்கும் போய்விடாதீர்கள்.

தாணம்மாள்

நீங்கள் மூக்கைச் சிந்திய நேரியலைத் தொடவே அருவருப்பாக இருந்தது. துவைக்கவில்லை, கொடியில் கிடக்கிறது. மகளைப் பார்த்து அழுகை வந்தால் அதிலேயே துடைத்துக்கொள்ளுங்கள்.